அக்காளின் பாலும் கொழும்புப் பொடியும்

கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி என்னிடம் இருக்கிறது. அதில் ஒட்டிய தாளில் என் இளவயதுக் கையெழுத்து "பப்பாளிச் சத்து. கொழும்புச் சரக்கு. மாவுக் கலப்பு இல்லை. வீரியம் உண்டு. பங்குனி" என்பதோடு நிற்கிறது. தேதி இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது.

தேதி போடாமல் எதையும் எழுதிப் பழகாதவனுக்கு இது பெரிய உறுத்தல். ஐரோப்பாவில் முதல் பெரிய யுத்தம் மூள்வதற்கு ஓரிரு வருடம் முந்தி என்பது நிச்சயம். ஆற்றில் கணுக்கால் அளவே தண்ணீர் ஓடிய கோடை என்பதும் நிச்சயம். அதற்குமேல் ஊகமாக எதையும் எழுத விரும்பவில்லை.

அன்று பிற்பகல், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கல்லூரியின் ரசாயனச் சாலை வாசலில் என் அத்தான் வந்து நின்றார். அக்காளின் கணவர், சங்கரலிங்கம் பிள்ளை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுணிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி, அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு செம்பு. அதன் வாயை வாழையிலைத் துண்டால் மூடி நாரால் கட்டியிருந்தார். ஸ்பிரிட் விளக்கும் ஆசிட் ஜாடிகளும் இருக்கிற அறைக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அன்றும் நிலைப்படிக்கு வெளியேதான் நின்றார்.

"உம்ம அக்காளுக்குக் காலையில குடுத்த பாலும் வெளிய வந்துட்டு. இப்பம் குடுத்ததும் வந்துட்டு. கட்டி கட்டியா, பால் திரிஞ்ச மாதிரி," என்றார். "உம்ம பொடியில ஒண்ணும் இல்ல வே."

"நேத்து சாயங்காலம் நானே சோதிச்சுப் பாத்தேன் அத்தான். நல்ல வீரியம்."

"உம்ம கண்ணாடிக் குழாய்க்குள்ள வீரியமா இருக்கு. டவுணுக்கு வந்ததும் செத்துப்போவுதாக்கும்?"

செம்பை என் பக்கம் நீட்டினார்.

வயிறு ஏற்காத பால்

சற்றுப் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்காள் ஆவுடையம்மாள் என்னைவிடச் சில வயது மூத்தவள். மாசி மாதம் முழுவதும் விஷக்காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கியது, ஆனால் வயிறு எதையும் ஏற்க மறுத்தது. கஞ்சித் தெளிவு, மோர், பால் எல்லாம் உள்ளே போன சிறிது நேரத்தில் திரும்பி வந்தன. பால்தான் மோசம். கட்டி கட்டியாக வரும். ஒவ்வொரு தடவையும் கட்டிலில் அவள் இன்னும் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாள்.

நாக்கு மட்டும் இளைக்கவில்லை. வைத்தியம் பார்த்தவர் டவுணில் தனியாகத் தொழில் செய்துவந்த டாக்டர் தேவசகாயம். நாடி பார்க்கக் கையைப் பிடித்தவரிடம், "எலும்ப எண்ணுதியளா டாக்டரே? ஒண்ணு ரெண்டு கொறைஞ்சாச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரங்க தேடி எடுத்துத் தருவாங்க," என்றாள்.

அவர் சிரித்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். அங்கே சிரிக்கவில்லை.

"காய்ச்சல் கொல்லல. பட்டினி கொன்னுரும்," என்று எங்களிடம் சொன்னார். "பாலை வெளியிலேயே பாதி செரிக்க வச்சு, அப்புறம் உள்ள அனுப்பணும். அதுக்குச் சீமையிலிருந்து பொடி வருது."

அத்தான் கேட்ட முதல் கேள்வி, அது எதிலிருந்து எடுப்பது என்பது. டாக்டர் மறைக்கவில்லை. பன்றியின் வயிற்றுக்குள்ளிருந்து எடுப்பது என்றார். உள்ளேயிருந்து அக்காள்தான் பேசினாள்.

"எனக்கு அது வேண்டாம். பன்னியத் தின்னு பொழைச்சு, எந்த மூஞ்சியோட நெல்லையப்பர் முன்னால போயி நிக்க?"

"பப்பாளிக்காயில வடியுற பாலுக்கும் அந்தக் குணம் உண்டு," என்றார் டாக்டர். "கொழும்புல அதைக் காயவச்சுப் பொடியாக்குதான். ஆனா புட்டிக்குப் புட்டி வித்தியாசம். அரிசி மாவு கலப்பான். கலக்காட்டாலும் பழசாப் போயிருந்தா செத்த பொடி. கொறைஞ்சாப் பிரயோசனம் இல்ல. கூடினா வயிறு எரியும். இப்பம் இருக்குத நெலமையில வயிறு அதைத் தாங்காது. அளந்து பாத்துத்தான் குடுக்கணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கல்லூரியில் ரசாயன உதவியாளன் என்று பேர் வைத்திருந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

மீரான் சாயபுவின் கடை

வண்ணார்பேட்டைக்குப் போகிற வழியில் மேலப்பாளையத்துக்காரரான மீரான் சாயபு மருந்துக் கடை வைத்திருந்தார். கடைக்குள் நுழைந்தாலே ஓமமும் கற்பூரமும் கார்பாலிக்கும் கலந்த ஒரு வாசனை அடிக்கும்.

"பன்னிச் சரக்கு நம்ம கடைக்குள்ள நொழையாது தம்பி. பப்பாளின்னா ஒங்களுக்கும் ஆவும், எங்களுக்கும் ஆவும்," என்று உயர்ந்த தட்டிலிருந்து இந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"மாவு கலந்திருக்குமா சாயபு?"

"கொழும்புல கலந்தானோ, தூத்துக்குடியில கலந்தானோ, படைச்சவனுக்குத்தான் தெரியும். நான் கலக்கல. நீங்க காலேஜுக்காரரு, பாத்துட்டு வந்து சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

அடுத்த சரக்கு எப்போது என்று கேட்டேன். கப்பலில்தான் வர வேண்டும், கடல் எப்படி இருக்கிறதோ என்றார். புட்டியில் பாதிக்குச் சற்று மேலே பொடி இருந்தது. கடையிலிருந்து கல்லூரிக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்று தெரியாது.

சுத்தம் வேறு, வீரியம் வேறு

'நொதி' என்று இன்று பாடப்புத்தகங்களில் அழகாக எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் கிடையாது. 'பெர்மென்ட்' என்போம். அது ஒரு பொருளா, பொருளின் குணமா என்று பெரிய பெரிய ஆட்களே வாதிட்டுக்கொண்டிருந்த காலம். அதை யாரும் தனியாகப் பிரித்துக் கண்ணால் பார்த்ததில்லை. அது செய்கிற வேலையை வைத்துத்தான் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியும்.

மாவுக் கலப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். அயோடின் துளி பட்டால் அரிசி மாவு நீலமாகிவிடும். அயோடின் நல்லதுதானா என்று முதலில் சோற்றுக் கஞ்சியில் விட்டுப் பார்த்தேன்; மை போல நீலம். பிறகு பீங்கான் தட்டில் சிட்டிகைப் பொடியை வைத்து ஒரு துளி விட்டேன். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

ஆனால் மாவு இல்லை என்பதால் பொடிக்கு உயிர் இருக்கிறது என்று ஆகாது. மாவு கலந்த பொடியில் கொஞ்சம் வீரியம் மிஞ்சியிருக்கலாம். கலப்பே இல்லாத பொடி வெறும் தூசியாகவும் இருக்கலாம்.

வீரியத்தை அளக்க, என்னிடமிருந்த புத்தகம் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவைச் சொன்னது. கல்லூரியில் அதற்குத் தடை இல்லை. ஆனால் முட்டை தொட்ட கையோடு டவுணுக்குப் போய் அக்காளுக்குப் பால் கொடுக்க முடியாது என்பது எனக்கே தெரியும். அதனால் பாலையே வைத்து ஒரு வழி செய்துகொண்டேன். டாக்டரும் சரி என்றார்.

கைபொறுக்கும் சூட்டில் பால். அதில் துளி சோடா உப்பு. பொடியைத் தண்ணீரில் கரைத்து அதில் விட வேண்டும். சற்றைக்கொரு தரம் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்க்க வேண்டும். முதலில் எடுத்த பால் கெட்டியாகத் திரியும். பொடி வேலை செய்யச் செய்யத் திரிசல் மெலிந்துகொண்டே போய், கடைசியில் வெறும் கலங்கலாக நிற்கும். அக்காளின் வயிற்றில் கட்டியாகிற பால் இனி கட்டியாகாது என்று அர்த்தம். அந்த நிலை எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு வீரியம். நாக்கில் வைத்தால் இலேசாகக் கசக்கவும் வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு கொதி காட்டி இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கசப்பு ஏறி வாயில் வைக்க முடியாது.

அன்று சாயங்காலம், வெற்றிலையைச் சாவகாசமாக மென்று துப்புகிற நேரத்துக்குள் திரிசல் நின்றுவிட்டது. பால் கசந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு பொடி என்று கணக்கிட்டு, புட்டியில் இந்தத் தாளை ஒட்டி, அத்தானிடம் கொடுத்தேன். செய்முறையையும் சொன்னேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புட்டியைப் பார்த்தபோது பயமாக இருந்தது. அந்த ஒரு சோதனைக்கே அக்காளின் ஒரு வேளைப் பொடி போயிருந்தது. அளக்க அளக்க அவள் பங்குதான் குறையும்.

செம்பில் இருந்த தண்ணீர்

மறுநாள்தான் அத்தான் செம்போடு வந்து நின்றது.

"மேலாப்புல நல்ல பொடி, அடியில மாவு. இது எல்லா யாவாரியும் செய்யுததுதான். உம்ம சாயபு மட்டும் எப்படி ஒழுங்கா இருப்பாரு?" என்றார்.

மேலாக எடுத்துத்தான் சோதித்திருந்தேன். அவர் சொன்னது நடந்திருக்கக்கூடும். மடியிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினார். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பொடி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"இவ்வளவும் ரெண்டு வேளைக்கா அத்தான்?"

"ஒரு நாளைக்குள்ளதை மொத்தமாக் கரைச்சேன். மிச்சம் இதுல இருக்கு," என்று செம்பைக் காட்டினார்.

கம்பியை அடிவரை விட்டு ஒரு துணுக்கு எடுத்து அயோடின் விட்டேன். பழுப்பு. சாயபு பேரில் குற்றம் இல்லை என்றேன். அத்தானுக்கு அதில் ஆறுதல் ஏதும் இல்லை. "அப்பம் யாரு பேருல குத்தம்?" என்றார்.

பால் வாங்கிவரச் செய்து இரண்டு குழாய்களில் வைத்தேன். ஒன்றில் செம்பிலிருந்த கரைசல். மற்றதில், மனமில்லாமல், புட்டியிலிருந்து சிட்டிகைப் பொடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் புதிதாகக் கரைத்து ஊற்றியது. அத்தான் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாகக் கரைத்தது முந்தின நாளைப் போலவே வேலை செய்தது. செம்புக் கரைசல் விட்ட பாலில் எலுமிச்சை பிழிந்தபோதெல்லாம் கெட்டியாகத் திரிந்தது. நேரம் போகப் போக, அப்படியேதான். புட்டியில் உயிரோடிருந்த பொடி செம்பில் செத்திருந்தது.

"எப்பம் கரைச்சிய?"

"விடியக்காலம். குளிச்சு, பூசை முடிச்ச கையோட. மருந்தைக் கண்ட நேரத்துல தொடலாமா? வேளைக்கு வேளை குளிச்சிட்டிருக்க முடியுமா? அதான் ஒரேயடியாச் செம்புல கரைச்சு, சாமி பக்கத்துல வச்சேன். செம்புத் தண்ணி சீக்காளிக்கு நல்லதுல்லா?"

அந்த வீட்டில் வேறு எப்படியும் செய்திருக்க மாட்டார்கள். சுத்தமான ஆள், சுத்தமான நேரம், சுத்தமான பாத்திரம். அவர் தன்னால் முடிந்த உயர்ந்த கவனத்தோடு செய்திருந்தார்.

எனக்கு இரண்டின் மேல் சந்தேகம் வந்தது. ஒன்று, பாத்திரத்தின் செம்பு. சில உலோகங்கள் பெர்மென்டுகளைக் கெடுக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். இரண்டு, நேரம். கரைத்த பொடி பங்குனி வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறது. அதனாலும் செத்திருக்கலாம்.

அத்தான் கேட்ட கேள்வி

சொன்னேன். அவர் உடனே அந்த இரண்டு சந்தேகத்தையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுல எதுன்னு பாத்துச் சொல்லும். அதை மட்டும் மாத்திருவோம். நேரந்தான்னா குளிச்சுக்கிடுதேன், செம்பு செம்பாவே இருக்கட்டும். செம்புதான்னா அதை விட்டுருதேன், வெள்ளெனக் கரைச்சு வச்சுக்கிடுதேன். சும்மா எல்லாத்தையும் போட்டுக் கொழப்பாதியும்."

நியாயமான கேள்வி. ரசாயனச் சாலையில் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. செம்பில் கரைத்து உடனே பாலில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கரைத்து அவ்வளவே நேரம் வெக்கையில் வைத்திருந்து பார்க்க வேண்டும். இரண்டு சோதனை போதும்.

புட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். கப்பல் வரும்வரை வேளைக்கு வேளை கணக்குப் பார்த்தாலே போதாத பொடி. அதில் இரண்டு வேளையை எடுத்துக் குழாய்களில் கொட்ட வேண்டும். இரண்டாவது சோதனைக்கு நாளைக் காலைவரை காத்திருக்கவும் வேண்டும். அதுவரை அக்காள்?

"ரெண்டையும் மாத்துவோம் அத்தான்."

"எதுன்னு தெரியாமலா?"

"தெரியாமத்தான்."

"கண்ணாடியும் பீங்கானும் எங்க அடுக்களைக்குள்ள ஏறாது, கேட்டீரா. இந்தப் புட்டியையே திண்ணையிலதான் வச்சிருந்தேன்."

"கல்சட்டி இருக்குல்லா? புளிக்கொழம்பு வைக்காதது ஒண்ணு."

செம்பிலிருந்ததை வாசல் வேப்பமரத்தடியில் பைய ஊற்றினார். "அப்பம் வேளைக்கு வேளை நான் குளிக்கணும்," என்றார். அவரிடமிருந்து வந்த சம்மதம் அதுதான்.

தொன்னையில் ஒரு கரண்டி

பாலத்தைத் தாண்டி டவுணுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தான் கிணற்றடிக்குப் போனார். வாளி விழும் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு வந்து, புதிதாகத் தேய்த்த கல்சட்டியில் அவரே கரைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாலின் சூட்டை விரலால் பார்த்துக்கொண்டேன். தெர்மாமீட்டர் கண்ணாடி ஆயிற்றே. அதை வெளியிலேயே வைத்துவிட்டேன்.

சோதனைக் குழாய்க்குப் பதில் வாழையிலைத் தொன்னை. ஒரு கரண்டிப் பால், நாலு சொட்டு எலுமிச்சை. திரிந்தது. காத்திருந்தோம். மறுபடி ஒரு கரண்டி. மெலிந்த திரிசல். அடுத்த தொன்னையில் கலங்கல் மட்டும்.

அத்தான் நாக்கில் வைத்துப் பார்த்தார். "கசக்கு," என்றார், நம்பாதவர் போல.

ஒரு கொதி காட்டி ஆற்றி, அக்காளிடம் கொண்டுபோனோம். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "பாலா, வேப்பெண்ணெயா லே? மாட்டுக்குக் காய்ச்சலா, எனக்குக் காய்ச்சலா?"

"குடி அக்கா."

குடித்தாள். அத்தான் வழக்கமான பித்தளைக் கும்பாவை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில் தயாராக வைத்துக்கொண்டார். கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. அவள் தொண்டை அசைந்தபோதெல்லாம் அவர் கை கும்பாவுக்குப் போயிற்று. ஒரு தடவை அவள் எழுந்து உட்கார்ந்தாள். நானும் கும்பாவுக்குக் குனிந்தேன். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தாள்.

"ரெண்டு பேரும் என் வயித்தையே இப்படி மொறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா, அது எப்படி வேலை செய்யும்? அங்கன தள்ளிப் போங்க," என்றாள்.

அன்று பால் தங்கியது. மறுநாளும் தங்கியது. அதற்கடுத்த நாள் ஒரு வேளை வெளியே வந்தது, எல்லோரும் ஆடிப்போனோம். அடுத்த வேளை தங்கியது. கிணற்று வாளி ஓயவில்லை. "ஒங்க அத்தான் போன பொறப்புல மீனாத்தான் இருந்திருக்கணும்," என்று அக்காள் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பலம் இருந்தது.

புட்டி காலியாவதற்கு முன் அத்தானே சாயபு கடைக்குப் போனார். நானும் கூட இருந்தேன். சாயபு மாவு கலந்திருப்பார் என்று தான் சந்தேகப்பட்டதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. படியில் நின்றபடி, "கொழும்புக் கப்பல் வந்துட்டா?" என்றார்.

"வரும் பிள்ளைவாள். வீட்டுல எப்படி இருக்காங்க?"

"திட்டுதா."

"அப்பம் நல்லாருக்காங்க," என்றார் சாயபு.

கப்பல் வந்தது. அதற்குள் அக்காள் ரசஞ்சோற்றுக்கு வந்துவிட்டாள். வாங்கிய இரண்டாவது புட்டி திறக்கப்படாமலே கடைத் தட்டுக்குத் திரும்பியது. யுத்தம் வந்தபின் அந்தச் சரக்கு எங்கள் பக்கம் என் கண்ணில் படவில்லை. அக்காள் நெடுங்காலம் இருந்தாள். அத்தான் இருந்தவரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் செம்பா, நேரமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்பார்.

பின்னாளில் கிடைத்த புத்தகங்களைப் பார்த்தேன். பப்பாளிச் சத்தைச் செம்பு கெடுக்கும் என்று இருக்கிறது. கரைத்து வைத்தால் வெக்கையில் வலுவிழக்கும் என்றும் இருக்கிறது. இரண்டும் பொதுவான உண்மைகள். அந்தப் பங்குனியில், அந்தப் பாத்திரத்தில், எது நடந்தது என்பதற்கு அவை சாட்சியாகா. ஆகவே இங்கே இப்படித்தான் எழுத முடிகிறது: பொடி செத்தது செம்பினாலா, நேரத்தினாலா என்பது சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்க வேண்டிய பொடியை அக்காள் குடித்துவிட்டாள்.